பல் முளைப்புக் களிம்பும் அதன் அட்டையிலிருந்த ஒரு சொல்லும்

என் மகளுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது வாங்கிய ஈறுக் களிம்பைப் பற்றிய மதிப்புரை இது. தயாரிப்பாளரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அட்டைப்பெட்டியின் முகப்பிலேயே, "பல் முளைக்கும்போது ஏற்படும் வலி, சிணுங்கல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்கு" என்று அச்சிட்டிருந்தார்கள். பல் முளைத்தால் காய்ச்சல் அடிக்கத்தான் செய்யும் என்று அம்மாவும் சொல்லிக்கொண்டிருந்ததால், அந்த வரியை நான் இரண்டாம் முறை படிக்கவில்லை.

களிம்பாக மட்டும் பார்த்தால் அதில் சொல்வதற்கு அதிகமில்லை. இனிப்பு வாசனை, எளிதில் பிதுங்கும் டியூப். ஆனால் பல் முளைக்கும் குழந்தைக்கு எச்சில் நிற்காமல் வடியுமாதலால், விரலில் எடுத்து ஈறில் தடவியது சில நிமிடங்களில் கழுத்துத் துணிக்கு வந்துவிடும். ஈறைவிட அந்தத் துணிதான் அதிகம் மரத்துப்போயிருக்கும்.

ஒரு மாலை அவளுக்கு உடல் சுட்டது, தெர்மாமீட்டர் 38.9 டிகிரி செல்சியஸ் காட்டியது. பெட்டியில் எழுதியிருந்ததுதானே என்று களிம்பைத் தடவிவிட்டு இரண்டு நாட்கள் காத்திருந்தேன். மூன்றாம் நாள் அவளைப் பார்த்த மருத்துவர், பல் முளைப்பதால் உடல் வெப்பம் சற்றே ஏறலாமே தவிர 38 டிகிரியைத் தாண்டும் காய்ச்சல் வராது என்று சொல்லி, சிறுநீரைப் பரிசோதிக்கச் செய்தார். சிறுநீர்ப் பாதைத் தொற்று. சளி, இருமல் எதுவும் இல்லாமல் காய்ச்சலை மட்டுமே காட்டும் இந்தத் தொற்று, கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

மெல்போர்ன் நகரில் 21 குழந்தைகளை நாள்தோறும் கவனித்து, 90 பற்கள் முளைத்ததைப் பதிவுசெய்து 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், பல் வெளிவந்த நாட்களுக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பு தென்படவில்லை. பிறகு ஏன் எல்லா வீடுகளிலும் இந்த நம்பிக்கை உறுதியாக இருக்கிறது? தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புப் பொருள்கள் குறையத் தொடங்குவதும், கையில் கிடைத்ததையெல்லாம் குழந்தை வாயில் வைக்கத் தொடங்குவதும், முதல் பல் தலைகாட்டுவதும் ஏறத்தாழ ஒரே பருவத்தில், ஆறு மாத அளவில் நடக்கின்றன. அதன்பின் ஏறக்குறைய இரண்டரை வயதுவரை 20 பால்பற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருப்பதால், எந்தக் காய்ச்சலுக்கும் பக்கத்தில் ஒரு பல் சாட்சிக்கு நிற்கும்.

பொருளடக்கத்தைத் தாமதமாகத்தான் படித்தேன். மரத்துப்போகச் செய்யும் பென்சோகெயின் என்ற மருந்து அதில் இருந்தது. இரத்தம் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் திறனை இம்மருந்து அரிதாகவேனும் ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடக்கூடும் என்பதால், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பல்வலிக்கென அதை விற்கவே கூடாது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018இல் அறிவித்திருக்கிறது. ஆயினும் எங்கள் வீட்டில் தீங்கு செய்தது அந்த மருந்தன்று. அட்டையில் இருந்த "காய்ச்சல்" என்ற சொல். வலிக்கு என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த இரண்டு நாட்களை நான் வீணாக்கியிருக்க மாட்டேன்.

களிம்புக்கு ஐந்துக்கு ஒன்றுகூடத் தர மனமில்லை. அதற்குப் பதிலாக வாங்கிய கெட்டியான ரப்பர் வளையத்துக்கு நான்கு தரலாம். உறையவைக்காமல் குளிர்பெட்டியில் சிறிது நேரம் வைத்துக் கொடுத்தால், கடித்தபடி அமைதியாக இருந்தாள். மூலைகளில் அழுக்குத் தங்குவதுதான் அதன் ஒரே குறை.

தொற்று நீங்கி மூன்று வாரங்கள் கழித்து, ஊட்டிக்கொண்டிருந்த கரண்டியில் டக்கென்று ஏதோ பட்டது. கீழ் ஈறில் அரிசி நுனியளவு வெண்மை. பழக்கதோஷத்தில் தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தேன்: 36.8.