லீ-என்ஃபீல்டு: எந்த மாடலைக் கேட்டு வாங்குவது?

இங்கிலாந்தில் ஏதாவது ஒரு ரைஃபிள் கிளப்பில் இருந்தால் பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய ரைஃபிளான லீ-என்ஃபீல்டு ஒன்று எப்படியும் கைக்கு வரும். வந்தால் நம்பர் 4 வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

முதலில் நம்பர் 1 மார்க் 3. 1907-இல் வந்தது, முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுமந்தது இதைத்தான், நம்ம ஊர் போலீஸ்காரர்கள் பல காலம் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற 'த்ரீ நாட் த்ரீ'யும் பெரும்பாலும் இதுதான், வங்காளத்து இஷாப்பூரில் செய்தது. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டான போல்ட் அருமை! கைப்பிடி விசைக்குப் பக்கத்திலேயே வளைந்து கிடக்கிறது, முன்னால் தள்ளும்போதுதான் ஸ்பிரிங் இறுகுகிறது, அதனால் துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுக்காமலே அடுத்த தோட்டாவை ஏற்றிவிடலாம். போருக்கு முந்தைய பிரிட்டிஷ் சிப்பாய்களை நிமிடத்துக்கு 15 குண்டு சுடப் பழக்க முடிந்ததற்கு இதுதான் காரணம். குறை, குறிபார்க்கும் சைட்தான். குழலின் மேல் தள்ளி இருக்கும் திறந்த பள்ளம், நாற்பது தாண்டிய கண்ணுக்கு அது மங்கல்தான்.

நம்பர் 4-இல் அதைச் சரிசெய்துவிட்டார்கள். அதே மாதிரி போல்ட், அதே 10 தோட்டா மேகசின், ஆனால் குழல் கனமானது, பின் சைட் கண்ணுக்குப் பக்கத்தில், வட்ட ஓட்டையாக. இரண்டாம் உலகப்போரில் பொறுக்கி எடுத்த நம்பர் 4-களுக்கு டெலஸ்கோப் மாட்டி ஸ்னைப்பர் ரைஃபிளாக்கினார்கள் என்றால் பாருங்கள். அமெரிக்காவின் சாவேஜ், கனடாவின் லாங் பிராஞ்ச் ஆலைகள் செய்த நம்பர் 4 மார்க் 1* வகை கிடைத்தால் மட்டும் போல்ட் தலை ஓடும் தடத்தைக் கவனியுங்கள், தலையைக் கழற்ற அதில் வெட்டிய இடத்தில் ஓரம் உடைந்திருக்கலாம்.

நம்பர் 5 'ஜங்கிள் கார்பைன்' பார்க்க அழகு, எடை சுமார் 7 பவுண்டுதான், முனையில் சுடும்போது வரும் தீயை மறைக்கும் புனல் வேறு. சுட்டால் தெரியும். தோளில் பதியும் பின்கட்டையின் குறுகலான ரப்பர் காலப்போக்கில் கல்லாகிவிடுகிறது, உதை நேரே தோள் எலும்பில். குறி நிலைக்காது என்று ராணுவத்திலேயே புகார் எழுந்து, 1947-இல் தயாரிப்பு நின்றுபோனது. மாட்டி வைத்து ரசிக்க நல்லது.

அப்புறம், எந்த மாடலானாலும் தோட்டா ஏற்றும்போது மேல் தோட்டாவின் அடிவிளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் வரட்டும். மாறிப்போனால் சிக்கிக்கொள்ளும், எல்லோரும் பார்க்க மேகசினைக் கழற்றிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.