வலது லைட் பளிச், இடது லைட் மங்கல்: ஹெட்லைட் கிட் வாங்கி எட்டு மாதம் ஆன பிறகு

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்கு ராத்திரி ஓட்டி வரும்போது வல்லநாடு தாண்டியதும் ரோடே தெரியவில்லை. கண்ணாடி பவர் கூடிவிட்டது என்று நினைத்து கண் டாக்டரிடம் போனேன். பவர் அப்படியேதான் இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். அதே வாரம் ஆயில் மாற்றப் போன இடத்தில் மெக்கானிக் தம்பி, "அண்ணாச்சி, ஒங்க ஹெட்லைட்ட என்னைக்காவது பாத்தீயளா?" என்று கேட்டான். பார்த்தேன். மஞ்சள் காமாலை வந்தவன் கண் மாதிரி இருந்தது.

கார் 2010 மாடல். பதினைந்து வருடம் முடிவதால் ஆர்.சி. புதுப்பிக்க ஆர்டிஓ ஆபீசுக்கு வேறு கொண்டுபோக வேண்டியிருந்தது. புது ஹெட்லைட் செட் ஒரு பக்கத்துக்கு 2,800 ரூபாய் என்றார்கள். இந்த வயதில் அந்தக் காருக்கு அவ்வளவு செலவா என்று தோன்றியது.

அப்பா ஓட்டிய அம்பாசடரில் லைட் கண்ணாடியில் இருந்தது. கல் பட்டால் உடையும், ஆனால் மஞ்சளாகாது. இப்போது வருவது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். லேசில் உடையாது, எடையும் குறைவு. ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு மேல்பரப்பு கெட்டுப்போகும். அதைத் தடுக்கத்தான் கம்பெனியிலேயே மேலே ஒரு பூச்சு போட்டு அனுப்புகிறார்கள். அந்தப் பூச்சு போய்விட்டால் கதை முடிந்தது. என் காரோ மேற்கே பார்த்து நிற்கும். தினமும் மத்தியானத்துக்கு மேல் முழு வெயிலும் முகத்தில்தான்.

முதலில் டூத்பேஸ்ட் போட்டுப் பார்த்தேன். பேஸ்டில் இருக்கிற நுண்ணிய துகள் தேய்ப்பதால் கொஞ்சம் பளிச்சென்று ஆனது. பூச்சு எதுவும் அது தராதே, மூன்று வாரத்தில் பழைய மாதிரியே ஆகிவிட்டது. பைபாஸ் ஓரம் ஒருவர் கப்பில் ஏதோ ரசாயனத்தைச் சூடாக்கி ஆவி காட்டி, 400 ரூபாய்க்கு ஐந்தே நிமிடத்தில் கண்ணாடி மாதிரி ஆக்கித் தருகிறார். அந்த ஆவி பிளாஸ்டிக்கின் மேல்பரப்பையே கரைத்து விடுகிறது. பார்க்க அழகுதான், ஆனால் நாளாக நாளாக உள்ளே மயிரிழை விரிசல் விழலாம். அதை மூச்சில் இழுப்பதும் நல்லதல்ல. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

கடைசியில் மங்கிய லைட்டை நாமே தேய்த்துப் பளிச்சாக்குகிற கிட் ஒன்றை ஆன்லைனில் 749 ரூபாய்க்கு வாங்கினேன். இதே அட்டைப்பெட்டி நாலைந்து பெயர்களில் விற்கிறது, அதனால் பெயர் முக்கியமில்லை. உள்ளே 800, 1500, 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்; நம்பர் கூடக் கூட நைசு), ஒரு சின்ன குப்பி காம்பவுண்ட் என்கிற பாலிஷ் பசை, ஒரு ஸ்பாஞ்ச், கடைசியில் பூசுகிற யுவி கோட்டிங் ஒரே ஒரு பாக்கெட். மாஸ்கிங் டேப் கிடையாது; அதைத் தனியாக வாங்கி லைட்டைச் சுற்றி பெயின்ட் மேல் இரண்டு சுற்று ஒட்டிக்கொள்ளுங்கள். எனக்கு பம்பரில் ஒரு கீறல் விழுந்த பிறகுதான் புத்தி வந்தது.

வாங்குவதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். லைட்டின் முன்பக்க பிளாஸ்டிக் மூடி மேல் தண்ணீர் ஊற்றுங்கள். நனைந்தவுடன் தெளிவாகத் தெரிந்தால் கோளாறு வெளிப்பக்கம், கிட் வேலை செய்யும். நனைந்தும் மங்கலாகவே இருந்தால் உள்ளே ஈரமோ, பல்புக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற ரிஃப்ளெக்டர் கருகியதோ காரணம். 60/55 வாட் பல்புக்குப் பதில் 100/90 போட்டு ஓட்டுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். அதற்கு எந்தக் கிட்டும் உதவாது.

800 பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்ததும் வயிற்றைக் கலக்கியது. லைட் முழுக்க வெள்ளையாகி, முன்னைவிட மோசமாகத் தெரிந்தது. என் வீட்டம்மா வாசலில் நின்று, "இருந்ததையும் கெடுத்தாச்சா?" என்றாள். பயப்படாதீர்கள், அப்படித்தான் ஆகும். முதலில் வழிகிற தண்ணீர் மஞ்சளாக வரும். அது வெள்ளையாகும்வரை 800-ஐ விடக் கூடாது. அப்புறம் ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கிற திசையை மாற்ற வேண்டும்: இதில் குறுக்கே என்றால் அடுத்ததில் மேலும் கீழும். அப்போதுதான் முந்தைய கீறல் போனதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியும். 3000 முடிந்து காம்பவுண்ட் போட்டதும் உள்ளே பல்பு தெரிந்தது. ஒரு லைட்டுக்கு ஒன்றே கால் மணி நேரம், தோள்பட்டை வலி தனி.

வலது லைட்டைக் காலையில் முடித்து, நன்றாகத் துடைத்து, கோட்டிங்கைத் தாராளமாகப் பூசினேன். இடது லைட்டுக்கு வரும்போது பாக்கெட்டில் பாதிகூட இல்லை. மணி நாலு. ஆடி மாதம், மேல்காற்று புழுதியை வாரி அடிக்கிறது. இருந்ததை இழுத்துப் பூசி முடித்தேன். அன்று ராத்திரி சுவரில் லைட் அடித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி, வெளிச்சத்தின் விளிம்பு கோடு போட்டது போல. ஆர்டிஓ ஆபீசிலும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது எட்டு மாதம். வலது லைட் இன்னும் பளிச். இடது லைட்டின் மேல்பாதி மறுபடி மங்கத் தொடங்கிவிட்டது. அதே கிட், அதே கை, அதே வெயில். கோட்டிங் ஒன்றில்தான் வித்தியாசம். பேப்பருக்கும் காம்பவுண்டுக்கும் ஐந்துக்கு நாலு மார்க் தருவேன். இரண்டு லைட்டுக்கு ஒரு பாக்கெட் கோட்டிங் வைத்தவனுக்கு ஒன்றுதான்.

ஒன்றும் குறைத்துச் சொல்லவில்லை, கூட்டியும் சொல்லவில்லை: புது லைட் மாதிரி ஆகாது. அமெரிக்காவின் ஏஏஏ வாகன ஓட்டிகள் சங்கம் 2018-இல் சோதித்தபோது, மங்கிய லைட் புதியதன் வெளிச்சத்தில் 22 சதவீதம்தான் தந்தது. தேய்த்துப் பாலிஷ் போட்டதும் சுமார் 70 சதவீதத்துக்கு வந்தது. வல்லநாடு ரோட்டில் படுத்திருக்கிற மாட்டைத் தூரத்திலேயே பார்க்க எனக்கு அது போதும்.

கோட்டிங் மட்டும் தனிக் குப்பியில் 350 ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கி வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு இடது லைட், 1500 பேப்பரிலிருந்து. இந்த முறை காலை ஏழு மணிக்கே, காற்று எழும்புவதற்கு முன்னால்.