பசடீனா நான்காவது மாடியா, லண்டன் அடித்தளமா?

மூளை நிறைய, பேச்சுச் சாமர்த்தியம் சுழியம். இப்படிப்பட்ட ஆட்களை வைத்து அடுத்தடுத்து வந்த சிட்காம்கள், அதாவது நகைச்சுவைத் தொடர்கள், இரண்டு. 2006இல் பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பிய 'தி ஐடி கிரவுட்', 2007 செப்டம்பரில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொடங்கிய 'தி பிக் பேங் தியரி'. இரண்டின் முதல் சீசனையும் போன மாதம் மறுபடி பார்த்தேன்.

ஐடி கிரவுட் ஆறே எபிசோட், ஒரே மாலையில் முடிந்துவிடும். பிக் பேங் 17. ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் எட்டு எபிசோடோடு நின்று, 2008 மார்ச்சில்தான் மீதி வந்தது.

இரண்டிலும் இந்த உலகம் புரியாத ஒரு பெண் உள்ளே வருகிறாள். வித்தியாசம் அங்கேதான். பிக் பேங்கில் பசடீனாவின் நான்காவது மாடி வீட்டில் லெனார்ட், ஷெல்டன் என்ற இரண்டு இயற்பியலாளர்கள். எதிர்வீட்டுக்குப் பென்னி வந்ததும் லெனார்ட் வழிய ஆரம்பிக்கிறான். முதல் பாதி முழுக்க அதே பாட்டு. பென்னிக்கென்று செய்ய அதிகம் எதுவும் கொடுக்கவில்லை. ஐடி கிரவுட்டின் ஜென்னோ, கம்ப்யூட்டர் தெரியும் என்று இன்டர்வியூவில் பொய் சொல்லி, லண்டன் அலுவலகத்தின் அடித்தளத்தில் கம்ப்யூட்டர் கோளாறுகளைப் பார்க்கும் ராய்க்கும் மாஸுக்கும் மேலதிகாரியாகவே வந்து உட்கார்கிறாள். அவளும் மாட்டிக்கொண்டு முழிப்பதால் சிரிப்பு எல்லோர் மேலும் சமமாக விழுகிறது. அலுவலகத்தில் தீப்பிடித்ததும் மாஸ் நிதானமாக உட்கார்ந்து தீயணைப்புக்கு மின்னஞ்சல் எழுதுவான் பாருங்கள், அதற்கு ஈடான ஒரு காட்சி பிக் பேங்கின் முதல் பாதியில் இல்லை.

ஆனால் ஐடி கிரவுட்டில் கம்ப்யூட்டர் வெறும் மேஜை நாற்காலி மாதிரிதான். பிக் பேங்கில் அறிவியல் நிஜம். வெள்ளைப்பலகைச் சமன்பாடுகளைக் கவனித்துக்கொள்ள டேவிட் சால்ட்ஸ்பெர்க் என்ற இயற்பியல் பேராசிரியரையே வைத்திருந்தார்கள். அது கதைக்குள்ளும் இறங்கியபோது தொடர் எழுந்து நின்றுவிட்டது. 13ஆவது எபிசோடின் இயற்பியல் போட்டியில், ஷெல்டன் ஆள் கணக்குக்காகச் சேர்த்த துப்புரவுத் தொழிலாளி, ஒரு காலத்தில் சோவியத் நாட்டில் இயற்பியலாளராக இருந்தவர், கடைசிக் கேள்விக்குச் சரியான விடை சொல்லிவிடுகிறார். தன் விடை இல்லை என்பதால் ஷெல்டன் அதை ஏற்க மறுத்துத் தோற்கிறான்! ஷெல்டனாக நடிக்கும் ஜிம் பார்சன்ஸ் யாரென்று எனக்குப் புரிந்தது அங்கேதான். கடைசி எபிசோடில் ஷ்ரோடிங்கரின் பூனையை (பெட்டியைத் திறக்கும்வரை உயிரோடும் இருக்கும், செத்தும் இருக்கும் என்ற கற்பனைப் பூனை) வைத்து லெனார்ட், பென்னி இருவருக்கும் ஷெல்டன் சொல்லும் யோசனையும் அதே தரம்.

நெருடல்களும் உண்டு. பிக் பேங்கில் லெனார்டின் நண்பன் ஹவர்டின் ஜொள்ளு வசனங்கள் இன்று பார்த்தால் கூச்சமாக இருக்கின்றன. இன்னொரு நண்பன், இந்தியாவிலிருந்து வந்த ராஜ் கூத்ரப்பாளி. பெயரில் கேரள வாசம், ஊரோ டெல்லி. எழுதும்போது யாரும் கேட்டுப் பார்க்கவில்லை போல. அவன் அப்பா அம்மா வெப்கேமில் வந்து பெண் பார்க்கும் கூத்து அமெரிக்கர்களுக்கு ஜோக். நமக்கு அது ஞாயிற்றுக்கிழமை.

சரி, எதைப் பார்ப்பது? ஒரு மாலைதான் இருக்கிறதென்றால் கண்ணை மூடிக்கொண்டு ஐடி கிரவுட். ஷெல்டனுக்காக என்றால் பிக் பேங்கின் முதல் எபிசோடைப் பார்த்துவிட்டு நேராகப் 13க்குத் தாவுங்கள். நடுவில் விட்டதை அப்புறம் பொழுது போகாத நாளில் பார்த்துக்கொள்ளலாம்.