என் மேட்ரிக்ஸ் கால்குலேட்டர்: இரண்டு வருடம் பயன்படுத்திய பிறகு

ஊத்துக்குளியில் சாயங்காலம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். புத்தகத்தின் முதல் பாடமே அணிகளும் அணிக்கோவைகளும்தான். அணி (மேட்ரிக்ஸ்) என்றால் எண்களை நிரை (குறுக்கு வரிசை), நிரல் (நெடுக்கு வரிசை) என்று கட்டங்களில் அடுக்கியது; அணிக்கோவை அதிலிருந்து கணக்கிடும் ஒற்றை எண். நேர்மாறு அணி காணும்போது ஒரு மைனஸ் குறி விட்டுப்போனால் பக்கம் முழுக்கத் தப்பாகிவிடும். பிள்ளைகளே விடையைச் சரிபார்த்துக்கொள்ளட்டும் என்று பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு மேட்ரிக்ஸ் கால்குலேட்டர் எழுதினேன். கறுப்புத் திரையில் கேள்வி கேட்கும், எண்ணை அடித்தால் விடை சொல்லும், அவ்வளவுதான்.

கூட்டல், பெருக்கல், நிரை நிரல் மாற்று, அணிக்கோவை, நேர்மாறு எல்லாம் இரண்டு சாயங்காலத்தில் முடிந்தன. அதற்குப் பிறகு நான் செய்த வேலை முழுக்க ஒரே இடத்தில்தான்: ஆட்கள் அடிப்பதை வாங்கிக்கொள்ளும் இடம்.

முதல் வடிவத்தில் ஈஸ்டிஜிட் என்ற சோதனையை வைத்திருந்தேன். அடித்தது எல்லாம் இலக்கமா என்று மட்டும் அது பார்க்கும். மைனஸ் 5 அடித்தால் எண் இல்லை என்றது, 2.5 அடித்தாலும் அதே பதில். சரி என்று, அடித்ததைத் தசம எண்ணாக மாற்றும் ஃப்ளோட்டுக்கு மாற்றினேன். ஒரு மாணவி 3×3 அணியில் எட்டாவது எண்ணாகப் பூஜ்ஜியத்துக்குப் பதில் ஓ என்ற எழுத்தை அடித்துவிட்டாள். வேல்யூ எரர் (மதிப்பு தவறு) என்று காட்டிவிட்டு புரோகிராம் நின்றுபோனது. “சார், மறுக்கா மொதல்ல இருந்து அடிக்கோணுங்களா?” என்று அவள் கேட்டபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. தப்பு ஒரு கட்டத்தில், தண்டனை ஒன்பது கட்டத்துக்கும்.

அன்று ராத்திரியே ஒவ்வொரு கட்டத்துக்கும் சரியான எண் வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்கும் தனித்தனி வொயில் சுற்று, அதற்குள் பிழை வந்தால் நிற்காமல் பிடித்துக்கொள்ளும் ட்ரை எக்செப்ட் என்று மாற்றினேன். இப்போது தப்பாக அடித்தால் “3-ஆம் நிரை, 2-ஆம் நிரல்: இது எண் இல்லை, மறுபடி கொடுங்கள்” என்று அந்தக் கட்டத்தை மட்டும் கேட்கும். இடத்தைச் சொல்லிக் கேட்பது ரொம்ப முக்கியம். வெறுமனே ‘தவறு’ என்று சொன்னால் பிள்ளைகள் எங்கே தவறு என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

எக்செப்ட் பக்கத்தில் பிழையின் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். நான் பெயர் இல்லாமல் விட்டதால் புரோகிராமை நிறுத்தக் கன்ட்ரோல் சி அழுத்தினால்கூட அதையும் ஒரு தப்பு என்று விழுங்கிவிட்டு மறுபடி எண் கேட்டது.

எண் என்று ஏற்றுக்கொண்டதெல்லாம் எண் இல்லை என்பது இன்னொரு மாணவி மூலம் தெரிந்தது. பள்ளியில் பைத்தான் படிக்கிறவள். என், ஏ, என் என்று மூன்று எழுத்தை அடித்தாள். ஃப்ளோட் அதைத் தடுக்கவே இல்லை, ‘எண் அல்லாதது’ என்ற சிறப்பு மதிப்பாக எடுத்துக்கொண்டது. அணிக்கோவையிலும் அதுவே விடையாக வந்தது. ஐ, என், எஃப் அடித்தால் முடிவிலி. முடிவுள்ள எண்தானா என்று பார்க்கும் ஈஸ்ஃபைனைட் சோதனை போட்டு இரண்டையும் அடைத்தேன். இதே தேடலில் ஒரு நல்ல விஷயமும் கிடைத்தது: ௩ என்று தமிழ் இலக்கத்தில் அடித்தாலும் பைத்தான் 3 என்றே எடுத்துக்கொள்கிறது! ௦ முதல் ௯ வரை எல்லாம் செல்லும். பத்தைக் குறிக்கும் ௰ மட்டும் செல்லாது. அன்றைய வகுப்பு முழுக்கத் தமிழ் எண்களில்தான் நடந்தது.

அடுத்தது தசமத் தொல்லை. 1 முதல் 9 வரை வரிசையாக எழுதிய 3×3 அணியின் அணிக்கோவை பூஜ்ஜியம், அதனால் நேர்மாறு கிடையாது. நான் பயன்படுத்திய நம்பை என்ற பைத்தான் கணக்குத் தொகுப்பு தசமப் புள்ளிக்குப் பின்னால் 15 பூஜ்ஜியம் தாண்டி 666 என்று காட்டியது. பூஜ்ஜியம் இல்லை என்பதால் நேர்மாறும் போட்டுக் கொடுத்துவிட்டது. எல்லாம் மலை மலையான எண்கள். பிள்ளைகளுக்கு அதைக் காட்டக் கூடாது. நம்பையை விட்டுவிட்டு எண்ணைப் பின்னமாகவே வைத்திருக்கும் ஃப்ராக்ஷனுக்கு மாறினேன், நேர்மாறு காணப் புத்தகத்தில் உள்ள காஸ்-ஜோர்டன் முறையை நானே எழுதினேன். விடை 1/3, 5/7 என்று புத்தகத்தில் இருப்பதைப் போலவே வருகிறது. வேகம் கொஞ்சம் குறைவு, ஆனால் நம் கணக்குகளுக்கு அது தெரியவே தெரியாது. ஒன்று மட்டும்: 1/0 என்று அடித்தால் வருவது வேல்யூ எரர் இல்லை, ஜீரோ டிவிஷன் எரர். அதையும் தனியாகப் பிடிக்க வேண்டும்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் என் அக்கா வீட்டுக்காரர் இதைப் பார்த்துவிட்டுத் தனக்கும் ஒன்று கேட்டார், எழுதிக் கொடுத்தேன். ஆர்டர் ஷீட்டே ஒரு அணிதான்: நிறம் நிரையாக, சைஸ் நிரலாக. அதைப் பீஸ் எடை நிரலால் பெருக்கினால் நிறம் வாரியாகத் துணி எடை வந்துவிடும். நான்கு சைஸுக்கும் பீஸ் எண்ணிக்கை: நேவி 200, 400, 400, 200. வெள்ளை 300, 600, 600, 300. ஒரு பீஸ் எடை 140, 150, 165, 180 கிராம். நேவி 190 கிலோ, வெள்ளை 285 கிலோ வர வேண்டும், சேதாரம் தனி. அவர் போனில் கூப்பிட்டார்: “ஏனுங் மாப்ள, ரெண்டு நெறத்துக்கும் 285ன்னே வருதுங்களே?”

தாளிலும் போட்டுப் பார்த்ததால் தப்பித்தார், இல்லாவிட்டால் 95 கிலோ நேவி கூடுதலாக ஓடியிருக்கும். தவறு என்னுடையது. அவர் வடிவத்தில் காலி அணியை [[0]*4]*2 என்று உருவாக்கியிருந்தேன். அது இரண்டு நிரை மாதிரி தெரியும், உண்மையில் ஒரே நிரைக்கு இரண்டு பெயர். கடைசியாக அடித்த வெள்ளை, நேவியையும் மாற்றிவிட்டது. இப்போது ஒவ்வொரு நிரையும் புதிதாக உருவாகிறது. பீஸ் எடை 50 கிராமுக்குக் கீழே போனால் கிலோவில் அடித்தீர்களா என்று கேட்கிறது. 1,200 என்று காற்புள்ளியோடு அடித்தால் அவர் வடிவத்தில் ஏற்கிறேன். பிள்ளைகள் வடிவத்தில் ஏற்பதில்லை, 1,2 என்றால் இரண்டு எண்ணாகவும் இருக்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. 5×5-க்கு மேல் அடிக்கக் கை வலிக்கிறது, போனில் ஓடாது.

எதைச் சோதித்தாலும் 600-க்கு 60 என்று அடித்தால் புரோகிராமால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் கணக்குப் போடுவதற்கு முன்னால் அணி முழுவதையும் கட்டம் கட்டமாகத் திரும்பக் காட்டி “சரியா?” என்று கேட்கும்படி செய்தேன். போன வாரம் மச்சான் அதைப் பார்த்து இரண்டாம் நிரையை மட்டும் திருத்தினார். வெள்ளை எல் சைஸில் ஒரு பூஜ்ஜியம் குறைந்திருந்தது.