"8 வாரத்தில் ரேஸ் ரெடி" என்று 18,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள்: சைக்கிள் ஓட்டுபவர்கள் தயவுசெய்து படியுங்கள்

இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும். ஒரு வாரம் ஆறப்போட்டால் "போனது போகட்டும் விடு" என்று வீட்டில் எல்லாரும் சொல்லிச் சொல்லியே என் வாயை அடைத்துவிடுவார்கள். போனது 18,000 ரூபாய். கூடவே முட்டியும் போச்சு, பந்தயமும் போச்சு.

ஏமாற்றியது ஆன்லைனில் சைக்கிள் பயிற்சி கொடுக்கும் ஒரு கோச்சிங் சேவை. பெயரைப் போடவில்லை, புகார் கொடுக்கும் வரை போடாதே என்று வக்கீல் தோழி ஒருத்தி சொல்லியிருக்கிறாள். படமும் வீடியோவும் போடும் செயலியில்தான் அவர்களுடைய விளம்பரம் வரும். "இடைவெளி விழுந்துவிட்டதா? 8 வாரத்தில் பந்தயத்துக்குத் தயார்!" என்று ஒருவர் மலைப்பாதையில் எழுந்து நின்று மிதிப்பார். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் என்ன செய்யவேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

நான் சென்னை. விடியற்காலையில் திருவான்மியூரில் கிளம்பி, முட்டுக்காடு பாலம் தாண்டி மாமல்லபுரம் வரை போய்த் திரும்பும் கூட்டத்தில் ஒருத்தி. ஈசிஆர் என்கிற அந்தக் கடற்கரைச் சாலையில் இருட்டு பிரியாத நேரத்தில் நாய் ஒன்று குறுக்கே பாய்ந்ததில் விழுந்து காறை எலும்பு உடைந்தது. பிளேட் வைத்தார்கள். நாலு மாதம் சைக்கிளைத் தொடவில்லை. டாக்டர் "இனி ஓட்டலாம்" என்று சொன்ன அன்றே, ஒரு மலையேற்றப் பந்தயத்துக்குப் பதிவு செய்துவிட்டேன். இடையில் இரண்டு மாதம்தான் இருந்தது. அந்த நேரத்தில்தான் இந்த விளம்பரம்.

பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தக் கோச் போனில் முக்கால் மணி நேரம் பேசினார். அந்தப் பேச்சைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. அவ்வளவு பொறுமை. எந்தப் பக்கம் உடைந்தது, கையைத் தலைக்கு மேலே தூக்கினால் வலிக்கிறதா, இரவில் தூக்கம் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். 1984-ல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொன்னார். நன்றாகப் பயிற்சி எடுத்தவர்களை 84 நாள் சும்மா இருக்கவிட்டுப் பார்த்திருக்கிறார்கள், அவர்கள் உடல் அதிகபட்சமாக எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு முதல் மூன்று வாரத்துக்குள் 7 சதவீதமும், மொத்தத்தில் 16 சதவீதமும் குறைந்ததாம். "அதுக்கு மேல இறங்காம அப்படியே நின்னுடுச்சு அக்கா. நீங்க பயப்படுற அளவுக்கு எதுவும் போயிடலை" என்றார். அப்புறம் தேடிப் பார்த்தேன், அது உண்மையான ஆய்வு. எட்வர்ட் காயிலும் உடன் இருந்தவர்களும் செய்தது, அவர் சொன்ன எண்களும் சரி. விஷயம் தெரிந்த ஆள், அக்கா அக்கா என்று அக்கறையாகப் பேசுகிறார், ஞாயிறுதோறும் நானே கூப்பிட்டு, உங்கள் டேட்டாவைப் பார்த்து அடுத்த வாரத்தை மாற்றித் தருவேன் என்கிறார். வேறென்ன வேண்டும்? யுபிஐயில் 18,000 ரூபாய் மொத்தமாக அனுப்பினேன். தவணை உண்டா என்று கேட்டதற்கு, "முழுசா கட்டினாத்தான் அக்கா மனசு முழுசா இறங்கும்" என்று பதில் வந்தது.

இரண்டு நாள் கழித்துப் பிடிஎஃப் வந்தது. அட்டையில் என் பெயர், பெரிய எழுத்தில். மூன்றாம் பக்கத்துக்குப் போனால் மேல் ஓரத்தில் யாரோ ஓர் ஆணின் பெயர். எடை 74 கிலோ என்று இருக்கிறது, நான் 58. சனிக்கிழமைப் பயிற்சி என்ன தெரியுமா? "நந்தி மலை, இரண்டு தடவை." நான் இருப்பது சென்னையில்! இங்கே ஏறுவதற்கு மேம்பாலத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது? கொஞ்சம் ஏற்றம் வேண்டுமென்றால் ஏலகிரிக்குக் காரில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு போகவேண்டும். யாரோ ஒரு பெங்களூர்க்காரருக்குப் போட்ட திட்டத்தை, அட்டையை மட்டும் மாற்றி எனக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

முதல் வாரச் செவ்வாய்க்கிழமைக்கு நாலு நிமிட இன்டர்வல் ஐந்து (இடையில் ஓய்வு விட்டு, மறுபடி மறுபடி வேகமாக மிதிப்பது), ஒவ்வொன்றும் 270 வாட். விபத்துக்கு முன்னால், நான் நல்ல நிலையில் இருந்தபோதே என் எஃப்டிபி 190 வாட்தான். எஃப்டிபி என்றால் ஒருவர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்து மிதிக்கக்கூடிய சக்தியின் அளவு. அதை அளக்க இருபது நிமிடம் முழு மூச்சாக ஓட்டி, வந்த சராசரியில் 95 சதவீதத்தை எடுத்துக்கொள்வார்கள். நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருபவரைத் திரும்ப அளந்து பார்க்காமல் எந்தத் திட்டமும் போட முடியாது. என்னிடம் அந்த டெஸ்ட்டை யாரும் கேட்கவே இல்லை.

உடனே மெசேஜ் போட்டேன். "டைப்பிங் மிஸ்டேக் அக்கா, வாட் பார்க்காதீங்க, ஃபீலில் போங்க, 10-க்கு 9 கஷ்டம் இருக்கணும்" என்று பதில். காசு வாங்கிய பயிற்சியாளர் சொல்கிறார், அப்படியே செய்தேன். இரண்டாம் வாரத்தில் முட்டிச் சில்லுக்குக் கீழே வலி ஆரம்பித்தது. மூன்றாம் வாரத்தில் மாடிப்படி இறங்க முடியவில்லை. எலும்பு மருத்துவர் அந்த இடத்தை விரலால் அழுத்தியதும் கத்திவிட்டேன். தசைநாண் வீங்கியிருக்கிறது, பந்தயத்தை மறந்துவிடுங்கள் என்றார்.

அவர் விளக்கியதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. பயிற்சியை நிறுத்தினால் இரண்டு வாரத்துக்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்துவிடுமாம். அதனால்தான் திரும்ப ஏறி உட்காரும்போது கொஞ்ச தூரத்திலேயே நெஞ்சு படபடக்கிறது. ஆனால் அது திரும்பி வருவதும் சீக்கிரம், ஒன்றிரண்டு வாரம் ஒழுங்காக ஓட்டினாலே மூச்சு சுலபமாகிவிடும். தசைநாண் அப்படியில்லை, பாரம் தாங்கப் பழக அதற்கு மாதக்கணக்கில் ஆகும். மூச்சு "போ" என்று சொல்லும், முட்டி இன்னும் தயாராகி இருக்காது. அந்த இடைவெளியில்தான் அவசரப்படுபவர்கள் எல்லாரும் அடிபடுகிறார்கள். 84 நாள் ஆய்வை ஒப்பிக்கத் தெரிந்தவருக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்திருந்தும் ஒரு நிமிடம் செலவழித்து என் திட்டத்தை எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அழைப்பா? ஒன்றுகூட வரவில்லை.

சரி, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். அங்கிருந்து ஆரம்பித்தது. முதலில் "சப்போர்ட் டீம் பேசுவாங்க" என்றார்கள். வேறு நம்பரிலிருந்து பேசியதும் அதே குரல்தான், ஆனால் இப்போது அக்கா இல்லை, "மேடம்". "பிளான் டெலிவர் பண்ணியாச்சு மேடம், ரீஃபண்ட் பாலிசி கிடையாது." அந்தப் பாலிசி எங்கே எழுதியிருக்கிறது என்றேன். "வெப்சைட்ல அப்டேட் ஆகும் மேடம்." மருத்துவரின் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். "உங்களுக்கு மன உறுதி பத்தலை, அதுக்கு நாங்க பொறுப்பில்லை" என்று எழுத்திலேயே பதில் வந்தது. பிளேட் வைத்த தோளோடு திரும்ப வந்து ஓட்டியவளிடம் மன உறுதியைப் பற்றிப் பேசுகிறார்கள்! 18,000 ரூபாயில் பாதியையாவது கொடுங்கள் என்றேன். அடுத்த சீசனுக்குக் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். முடியாது, பணமாக வேண்டும் என்று சொன்ன அன்று இரவு அவருடைய படம் மறைந்துபோனது. பிளாக் செய்துவிட்டார். விளம்பரம் மட்டும் நேற்றும் ஓடிக்கொண்டிருந்தது, அதே எட்டு வாரம், அதே மலைப்பாதை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன். ஆத்திரத்தில் கை ஓடவில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இப்போதைய எஃப்டிபி என்ன என்று கேட்காமல் திட்டம் தரும் யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். மாதாமாதம் கட்டுகிறேன் என்று சொல்லுங்கள், மறுத்தால் அங்கேயே போனை வையுங்கள். பணம் போகும் யுபிஐயில் வரும் பெயர் நிறுவனத்தின் பெயர்தானா என்று பாருங்கள், எனக்கு வந்தது ஒரு தனி ஆளின் பெயர். பில் கேளுங்கள். சண்டை வருவதற்கு முன்பே எல்லா சாட் மெசேஜ்களையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முட்டி வலித்தால் அன்றைக்கே நிறுத்துங்கள், யார் என்ன சொன்னாலும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்துவிட்டேன். போலி ஆள் பணத்தை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டான் என்றால் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள், அது சைபர் குற்றத்துக்கான எண். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே மனு போடலாம். ஒரே பாதிப்பு உள்ளவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தும் மனு கொடுக்கலாம் என்கிறாள் தோழி.

அதனால் கேட்கிறேன். மூன்றாம் பக்கத்தில் வேறு ஆளின் பெயரும், சனிக்கிழமைக்கு நந்தி மலையும் போட்ட பிடிஎஃப் உங்களுக்கும் வந்திருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். பணம் கட்டிய ரசீதும் சாட்டும் இருந்தால் போதும். இந்த மாதக் கடைசிக்குள் மனு போடுகிறேன்.