ஏழு வருசமா எக்ஸ்எம்கிரேஸ்: அண்டூ இல்லாத சவத்தோட குடித்தனம்

எனக்க ஊரு குழித்துறை பக்கம். காலைல பாசஞ்சர் வண்டி புடிச்சு திருவனந்தபுரத்துல ஒரு லேபுக்குப் போறது, சாயந்திரம் அதே வண்டில திரும்புறது, ஏழு வருசமா இதாக்கும் பொழப்பு. பிஎச்டி முடிஞ்சு இப்பம் அங்கயே ஒரு ப்ராஜெக்ட்ல ஒட்டிக்கிட்டு கெடக்கேன். வேலை என்னன்னா மணல். மணவாளக்குறிச்சில இருந்து கொல்லத்துக்கு அந்தப்பக்கம் சவறா வரைக்கும் கடற்கரைல கெடக்குற கருமணல எடுத்துட்டு வந்து எக்ஸ்ஆர்டில, அதாவது எக்ஸ்-கதிர் பாய்ச்சிப் பாக்குற மெஷின்ல வச்சு, என்னென்ன தாது இருக்குன்னு பாக்குறது. 1909-ல ஒரு ஜெர்மன்காரர் கயித்துல ஒட்டிட்டுப் போன மணல வச்சு இங்க மோனசைட்ங்குற தாது இருக்குன்னு கண்டுபிடிச்சாராம், நாங்க சின்னதுல அதே மணல்ல வீடு கட்டி வெளாண்டுட்டு வந்து அம்மைட்ட அடி வாங்குவோம்.

சரி விசயத்துக்கு வரேன். எக்ஸ்ஆர்டி டேட்டானா ரெண்டு நெடுவரிசை நம்பர், ஒண்ணு கோணம், ஒண்ணு கவுண்ட், அதாவது அந்தக் கோணத்துல எவ்வளவு எக்ஸ்-கதிர் வந்துச்சுன்னு. கவுண்ட் கூம்பி நிக்கிற இடம் பீக், எந்தக் கோணத்துல பீக் நிக்குதுன்னு பாத்துதான் எந்தத் தாதுன்னு சொல்றது. 10 டிகிரில இருந்து 80 வரைக்கும் 0.02 ஸ்டெப்ல ஓட்டினா 3501 வரி. அத படமா போட லேப்ல காசு கொடுத்து வாங்குன ஒரு சாப்ட்வேர் உண்டு, ஆனா லைசென்ஸ் ஒரே ஒரு மெஷின்ல, அதுக்கு ரேஷன் கடை மாதிரி வரிசை. நான் சேந்த புதுசுல எனக்கு டர்ன் கிட்டவே சாயந்திரம் நாலு மணி ஆவும், அஞ்சரைக்கு வண்டி. அப்பம் லேப்ல சீனியர் ஒரு சேச்சி, "எடா நீ லினக்ஸ் தானே வச்சிருக்க, கிரேஸ் போட்டுக்கோ"ன்னு சொன்னாங்க. ஆப்ட் இன்ஸ்டால் கிரேஸ்னு அடிச்சா ரெண்டு நிமிசத்துல வந்துட்டு. தொறக்குற கமாண்டு எக்ஸ்எம்கிரேஸ்.

முதல்ல தொறந்து பாத்தப்ப சத்தியமா சிரிப்பு வந்துச்சு. சாம்பல் கலர்ல, 90-கள்ல பேங்க்ல இருந்த கம்ப்யூட்டர் மாதிரி ஒரு ஜன்னல். அதுல தப்பில்ல, சாதனமே அந்தக் காலத்துதான். பால் டர்னர் எழுதுன எக்ஸ்எம்ஜிஆர்னு ஒண்ணு இருந்துச்சு, அதுக்க வாரிசு இது, கடைசியா வந்த 5.1.25 வெர்சனே 2015-ல வந்தது. இப்பத்த லேப்டாப் ஸ்க்ரீன்ல மெனு எழுத்து எறும்பு சைஸ்ல தெரியும். ஆனா ஒரு கோட்டு மேல டபுள் கிளிக் பண்ணினா அந்தக் கோட்டுக்க டயலாக் வருது, அச்சு மேல பண்ணினா அச்சுக்குள்ளது, எந்தக் கோடு எதுன்னு சொல்ற லெஜண்ட் மேல பண்ணினா லெஜண்டுக்குள்ளது. எது மாத்தணுமோ அதத் தொடு, அவ்வளவுதான். மேனுவல் படிக்காம ஒரு மணி நேரத்துல படம் போட்டுட்டேன், அது நிஜமாவே கொள்ளாம்.

இனி கெட்டதச் சொல்றேன், மொத்தமாச் சொல்றேன். இந்த சவத்துல அண்டூ கிடையாது. செஞ்சது செஞ்சதுதான். அதவிட கொடுமை, பழக்க தோசத்துல கண்ட்ரோல் இசட் அமுக்கினா அது ஜூம் ஆக்கும்! ஏற்கனவே ஒண்ணக் கெடுத்துட்டு பதறிப்போய் கண்ட்ரோல் இசட் அடிப்போம், கர்சர் மாறி நிக்கும், தெரியாம ரெண்டு கிளிக் பண்ணுவோம், படம் எங்கயோ போய் முட்டிட்டு நிக்கும். ஃபைல் மெனுல ரிவர்ட் டு சேவ்டுன்னு ஒண்ணு இருக்கு, கடைசியா சேவ் பண்ணின இடத்துக்குத் திரும்பும், அதான் உள்ள ஒரே கதி. அதனால இப்பம் எனக்கு அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க சேவ் பண்ற வியாதி வந்துட்டு, வாட்ஸப்ல மெசேஜ் டைப் பண்ணும்போதுகூட கை கண்ட்ரோல் எஸ்-க்குப் போவுது.

பெரிய அடி வாங்கினது ரெண்டாவது வருசம். ஆறு இடத்து மணலுக்க எக்ஸ்ஆர்டி கோட்ட ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடுக்கி ஒரே படத்துல காட்டணும். அதுக்கு ஒவ்வொரு கோட்டையும் கொஞ்சம் கொஞ்சமா மேல தூக்கணும், டேட்டா மெனுல ட்ரான்ஸ்ஃபர்மேசன்ஸ் உள்ள எவால்யுவேட் எக்ஸ்ப்ரெஷன்ல ஒய் ஈக்வல்ஸ் ஒய் ப்ளஸ் 2000ன்னு எழுதி அப்ளை அடிக்கணும். நான் அடிச்சேன், கோடு ஸ்க்ரீன விட்டே மேல போய்ட்டு, ஏன்னா அச்சு தானா பெருசாவல. நான் என்ன நெனச்சேன், வேலை செய்யலன்னு நெனச்சு இன்னொருக்க அடிச்சேன். சேவும் பண்ணிட்டேன். பிரச்சன என்னன்னா அது படத்த மட்டும் தூக்கல, டேட்டாவையே மாத்திட்டு. மறுவாரம் அதே ஃபைல்ல இருந்து நம்பர் எடுத்து டேபிள் போட்டு, மூணாவது சாம்பிள்ல இல்மனைட்ங்குற தாது அள்ளிக்கிட்டு கெடக்குன்னு குரூப் மீட்டிங்ல பெருமையா பேசிட்டு நிக்கேன், சேச்சி படத்தயே பாத்துட்டு இருந்தவங்க "பீக் கெடக்கட்டும்டா, பேக்ரவுண்டு எப்படி 4000 கவுண்டுல போய் நிக்குது?"ன்னு கேட்டாங்க. எங்க கைடு சார் ஒண்ணும் சொல்லல, கண்ணாடியக் கழத்தித் தொடச்சாரு, எனக்கு அது திட்டுறதவிட மோசமா இருந்துச்சு. ஒரிஜினல் ஃபைல் மெஷின் கம்ப்யூட்டர்ல கெடந்ததால தப்பிச்சேன். அன்னைல இருந்து எதத் தொடுறதுக்கு முன்னாடியும் லிஸ்ட்ல அந்த செட்ட, அதாவது ஒரு கோட்டுக்க டேட்டாவ, ரைட் கிளிக் பண்ணி ஒரு டூப்ளிகேட் எடுத்து, ஒரிஜினல ஹைட் பண்ணி வச்சுட்டுதான் கை வைக்கிறது.

அடுத்தது லேபிள். இது யாரும் சொல்லித் தரமாட்டாங்க, அதனால கொஞ்சம் நீட்டியே எழுதுறேன். எங்க மணல்ல ஒரு கஷ்டம் உண்டு, தாது எல்லாவனும் ஒரே இடத்துல நெருக்கியடிச்சு உக்காந்திருப்பான். மெஷின்ல காப்பர் எக்ஸ்-கதிர் ட்யூப் வச்சு எடுத்தா குவார்ட்ஸுக்க பெரிய பீக் 26.6 டிகிரில, சிர்கான் 27-ல, ருட்டைல் 27.4-ல, மோனசைட் 28.8 பக்கத்துல. 10-ல இருந்து 80 வரைக்கும் போட்ட படத்துல இது நாலும் ஓணத்துக்கு முந்துன நாள் பஸ் மாதிரி தெரியும். நான் ஒவ்வொண்ணுக்கும் பேரு எழுதி, மவுஸால இழுத்து இழுத்து சரியா பீக்குக்கு நேரா வச்சேன், ஒரு சாயந்திரம் முழுக்க போச்சு. பொறவு சார் வந்து 70 வரைக்கும் போதும், வலது பக்கம் சும்மா கெடக்குன்னாரு. அச்ச மாத்தினேன். பீக் எல்லாம் நகந்து போச்சு, பேரு மட்டும் நின்ன இடத்துலயே நிக்கி, மோனசைட்னு எழுதுன இடத்துக்குப் பக்கத்துல குவார்ட்ஸ் வந்து நிக்கான்!

காரணம் இதாக்கும். கிரேஸ்ல ஒரு எழுத்த வைக்க ரெண்டு கணக்கு உண்டு. ஒண்ணு வியூபோர்ட், அதாவது பேப்பர்ல எங்க. இன்னொண்ணு வேர்ல்டு, அதாவது அச்சுல எங்க. சும்மா வச்சா வியூபோர்ட்தான் எடுக்கும். எழுத்துக்க எடிட் டயலாக்ல போய் வேர்ல்டுன்னு மாத்தி, எக்ஸுக்கு 27.4ன்னு கையால அடிச்சா போதும், நீங்க ஜூம் பண்ணுங்க, அச்ச நீட்டுங்க சுருக்குங்க, பேரு பீக்க விட்டு அசையாது. இழுக்கவே வேண்டாம். இத எனக்குத் தெரிய மூணு வருசம் ஆச்சு. கூட்டத்துல நெருக்கிக்கிட்டு நிக்கிற அந்த 26-ல இருந்து 29 வரைக்கும் உள்ள இடத்த தனியா சின்ன படமா உள்ள வைக்கவும் வழி உண்டு, கிராஃப் லிஸ்ட்ல அத ரைட் கிளிக் பண்ணி டூப்ளிகேட் குடுங்க, அது பழசுக்கு மேலயே அச்சு அசலா வந்து உக்காரும், ஒண்ணுமே நடக்காத மாதிரி தெரியும், நடந்திருக்கு. கண்ட்ரோல் வி அமுக்கி ரெண்டு மூலைல கிளிக் பண்ணினா புதுசு அந்தக் கட்டத்துக்குள்ள சுருங்கிடும், பொறவு அத மட்டும் ஜூம் பண்ணுங்க. கண்ட்ரோல் வி-ன்னா பேஸ்ட்டுன்னு நெனச்சு அமுக்குறவங்களுக்கு ஐயோ பாவம்.

மூலைல இருக்குற சின்ன சின்ன கட்டத்தப் புடிச்சு கிராஃப பெருசாக்கவும் செய்யலாம், ஆனா அத டச்பேடுல, அதும் நெய்யாற்றின்கரைல கிராஸிங்குக்கு நிக்கிற வண்டில, பக்கத்துல ஒருத்தர் பழம்பொரி தின்னுக்கிட்டு "இது என்ன மோனே, ஈசிஜியா"ன்னு கேக்கும்போது செய்யாதீங்க.

இவ்வளவு கொறை சொல்லிட்டு ஏன் இன்னும் இதுலயே கெடக்கேன்னா, சேவ் பண்ற டாட் ஏஜிஆர் ஃபைல் வெறும் டெக்ஸ்ட் ஃபைலாக்கும். நான் மவுஸால செஞ்ச ஒவ்வொண்ணும் அதுல ஒரு வரியா எழுதிக் கெடக்கும். கோடு எவ்வளவு தடி, எந்தக் கலரு, லெஜண்ட் எங்க, எல்லாம் இங்கிலீஷ்ல படிக்கிற மாதிரியே. வியூன்னு ஒரு வரி, அதுல நாலு நம்பர், சும்மா தொறந்தா 0.15, 0.15, 1.15, 0.85ன்னு இருக்கும், அதான் கிராஃப் பேப்பர்ல உக்காந்திருக்குற இடம். ரெண்டு படத்துக்க சட்டம் மில்லிமீட்டர் சுத்தமா ஒண்ணுபோல வரணும்னா அந்த ஒரு வரிய ஒண்ணுல இருந்து காப்பி பண்ணி இன்னொண்ணுல போட்டா முடிஞ்சு. மூணாவது வருசம் ஒரு பேப்பருக்கு ரிவியூவர் கோடெல்லாம் மெல்லிசா இருக்கு தடிப்பா வேணும்னு எழுதிட்டாரு, 11 படம். லைசென்ஸ் மெஷின்ல போட்ட கூட்டுக்காரன் ரெண்டு நாளு ஒவ்வொண்ணாத் தொறந்து டபுள் கிளிக் பண்ணிட்டு இருந்தான், நான் ஃபைல்ல எழுத்த மொத்தமா மாத்துற செட் (sed)ங்குற ஒரே ஒரு லினக்ஸ் கமாண்டுல லைன்வித் 1.0-வ 1.5 ஆக்கிட்டு கட்டஞ்சாயா குடிக்கப் போய்ட்டேன். அவன் ஒரு வாரம் எங்கிட்ட பேசல.

இடையில படம் போடுற மத்த சாப்ட்வேரும் பாக்காம இல்ல. நூப்ளாட்ல ரைட் பட்டன அமுக்கி ஒரு கட்டம் குறிச்சா சூப்பரா ஜூம் ஆவும், யு அமுக்கினா பழையபடி திரும்பும், எல் அமுக்கினா லாகரிதம் ஸ்கேல், சின்ன பீக்க தேடிப் புடிக்க அதுதான் இப்பவும் எனக்கு வேகம். ஆனா மவுஸால ஜூம் பண்ணி புடிச்ச ரேஞ்சு நாம எழுதுன ஸ்கிரிப்ட்ல ஏறாது, பாத்து நாமதான் எழுதணும். பைத்தான்ல படம் போடுற மேட்பிளாட்லிப்ல லெஜண்ட இழுக்குற மாதிரி ஆக்க ஒரு வரி உண்டு, அழகா இழுத்து வச்சுட்டு ஜன்னல மூடினா, மறுக்க ஓட்டும்போது லெஜண்ட் பழைய இடத்துலயே உக்காந்திருக்கும். சார் பின்னாடி நின்னுட்டு "கொறச்சுகூடி எடா, கொறச்சுகூடி"ன்னு லெஜண்ட நகத்தச் சொல்வாரு, அப்படி அவரு திருப்திப்படுற வரைக்கும் நகத்தி வச்ச இடம் மறுநாளும் அங்கயே இருக்கணும். எனக்கு அதுதான் கணக்கு. 500 ஃபைல ஒரே மாதிரி ஓட்டணும்னா நானும் பைத்தான்தான், அதுல சந்தேகமே இல்ல. ஒரு பேப்பர்ல அஞ்சு படம், ஒவ்வொண்ணுலயும் கை வச்சு அழகு பாக்கணும்னா கிரேஸ்.

சில்லற விசயம் கொஞ்சம். படத்த வெளிய எடுக்க எக்ஸ்போர்ட்னு மெனுல தேடாதீங்க, கிடையாது, ப்ரிண்ட் செட்டப்ல டிவைஸ மாத்தி ஃபைலுக்குன்னு டிக் பண்ணிட்டு ப்ரிண்ட் அடிக்கணும், டிக் பண்ண மறந்து நான் அஞ்சு தடவ அடிச்சதுல லேப் ப்ரிண்டர்ல அஞ்சு காப்பி வந்து கெடந்துச்சு. தீட்டா எழுத பேக்ஸ்லாஷ் எக்ஸ் போட்டு க்யூ அடிக்கணும், ஆங்ஸ்ட்ராமுக்கு வேற ஒரு மந்திரம், ஒரு பேப்பர்ல எழுதி டெஸ்க்ல ஒட்டி வச்சிருக்கேன். யூனிகோட் தெரியாது, அதனால தமிழ் வராது. ஊர்ல ஒரு பள்ளிக்கூடத்து கண்காட்சிக்கு மணவாளக்குறிச்சின்னு தமிழ்ல எழுதப் போய் கோழி கிண்டுன மாதிரி வந்துச்சு, கடைசில எஸ்விஜி-யா எடுத்து இங்க்ஸ்கேப்னு படம் வரையுற வேற சாப்ட்வேர்ல போய்தான் ஊரு பேர எழுதினேன்.

அப்புறம் அந்த மஞ்சள். அஞ்சாவது கோடு வந்தா தானா மஞ்சக் கலர் எடுக்கும், வெள்ளப் பேப்பர்ல மஞ்சக் கோடு, யாரு கண்ணுக்குத் தெரியும்? எனக்க ஆறு சாம்பிள்ல அஞ்சாவது எப்பவும் நீண்டகரை மணல், ஒவ்வொரு மீட்டிங்லயும் "நீண்டகரை எங்க?"ன்னு யாராவது கேப்பாங்க, நான் கலர மாத்துவேன், அடுத்த படத்துல மறுக்க மஞ்சள். அஞ்சு வருசம் இப்படியே ஓடுச்சு. பொறவு ஒரு நாளு யாரோ சொல்லித்தான் தெரிஞ்சுது, ஹோம் ஃபோல்டர்ல டாட் கிரேஸ்னு ஒரு ஃபோல்டர் போட்டு, அதுக்குள்ள டெம்ப்ளேட்ஸ்னு ஒண்ணு போட்டு, நமக்குப் புடிச்ச மாதிரி செட் பண்ணின ஃபைல டிஃபால்ட் டாட் ஏஜிஆர்னு அதுல வச்சா, ஒவ்வொரு தடவையும் அதுலருந்துதான் தொடங்கும். கலர் பட்டியலும் அந்த ஃபைல்லயே டெக்ஸ்டாத்தான் இருக்கு. அஞ்சாம் நம்பர் மஞ்சளுக்க மூணு நம்பர மாத்தி கடும் ஆரஞ்சு ஆக்கினேன். பாறசாலைல வண்டி கிராஸிங்குக்கு நின்ன நேரத்துல செஞ்ச வேலை, சிக்னல் விழறதுக்குள்ள முடிஞ்சுட்டு. மறுநாள் பென்டிரைவ்ல சேச்சிக்கும் குடுத்தேன், அவங்க தொறந்து பாத்துட்டு "இத முதல் வருசமே செஞ்சிருக்கப்படாதாடா"ன்னாங்க.