கைக்குழந்தை கணக்கில் சேருமா? டர்பன் விடுமுறை வீடுகளில் எங்கள் அனுபவம்

தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த லெனேசியாவில் வசிக்கும் எங்கள் குடும்பம் ஈஸ்டருக்கும் டிசம்பர் விடுமுறைக்கும் என்3 நெடுஞ்சாலை வழியாக டர்பனுக்குச் செல்வது வழக்கம். உறவினர் வீடுகளில் அனைவருக்கும் இடம் போதாது என்பதால், பல ஆண்டுகளாக ஏர்பிஎன்பி, புக்கிங்.காம் ஆகிய இரண்டு தங்குமிடப் பதிவுச் செயலிகளின் வழியாகவும் வீடு வாடகைக்கு எடுத்து வருகிறோம். பெரியவர்கள் மட்டும் செல்லும்போது சொல்வதற்கு அதிகம் இல்லை. கைக்குழந்தையும் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளும் உடன் வரும்போதுதான், "எத்தனை பேர்?" என்ற கேள்விக்குச் செயலி ஒரு விடையும், வீட்டுக்காரர் ஒரு விடையும், கட்டடத்தின் வாயிற்காவலர் வேறொரு விடையும் வைத்திருப்பது தெரிகிறது.

ஏர்பிஎன்பியில் 13 வயது நிறைந்தவர் பெரியவர். 2 முதல் 12 வயது வரை சிறுவர். 2 வயதுக்குக் கீழே கைக்குழந்தை. சிறுவர் ஒவ்வொருவரும் முழு ஆளாகவே எண்ணப்படுவர். கைக்குழந்தை எண்ணிக்கையில் சேராது; கூடுதல் விருந்தினர் கட்டணமும் அதற்கு இல்லை. இதனால், ஆறு பேருக்கான வீட்டைத் தேடும்போது, இரவு முழுவதும் தாயின் கையணைப்பில் உறங்கும் இரண்டரை வயதுப் பிள்ளை ஏழாவது ஆளாகிவிட, அந்த வீடு தேடலிலிருந்தே மறைந்துவிடும். புக்கிங்.காமில் முறை வேறு. பிள்ளைகள் ஒவ்வொருவரின் வயதையும் அது கேட்கிறது. தொட்டில், கூடுதல் படுக்கை, அவற்றுக்கான கட்டணம் ஆகியவற்றை அந்தந்த விடுதிக்காரரே வயதுவாரியாக வகுத்துக்கொள்கிறார். வயதைக் குறிப்பிடாமல் தேடினால் திரையில் தெரியும் விலை நமக்குரிய விலையாக இராது.

உம்லாங்கா, பாலிட்டோ போன்ற கடற்கரை ஊர்களில் வாடகைக்குக் கிடைக்கும் அடுக்ககங்களில் பல, செக்‌ஷனல் டைட்டில் முறையில், அதாவது ஒவ்வொரு வீடும் தனித்தனி உரிமையாளருக்கும் பொது இடங்கள் எல்லோருக்கும் உரியவையாக, அமைந்தவை. 2011ஆம் ஆண்டின் செக்‌ஷனல் டைட்டில் நிர்வாகச் சட்டத்தின்படி, உரிமையாளர்கள் அனைவரும் அடங்கிய பாடி கார்ப்பரேட் தன் கட்டடத்துக்கென நடத்தை விதிகளை வகுத்துக்கொள்ளலாம். சில நாள்களே தங்க வருபவரும் அவற்றுக்குக் கட்டுப்பட்டவரே. ஓர் அறைக்கு இத்தனை பேர், ஒரு வீட்டுக்கு இத்தனை வண்டிகள், தங்குபவர் அனைவரின் பெயரும் முன்கூட்டியே வாயிலுக்கு அனுப்பப்பட வேண்டும் என்றெல்லாம் அங்கே விதிகள் உண்டு. கைக்குழந்தையைக் கணக்கில் எடுக்காத செயலியின் வழக்கம் இவ்விதிகளில் எங்கும் எழுதப்பட்டிருக்காது. கடற்கரையை ஒட்டிய ஓர் அடுக்ககத்தில், செயலியில் முறையாகக் குறிப்பிடப்பட்டிருந்த எங்கள் குழந்தையின் பெயர் வாயிற்பட்டியலில் இல்லை என்பதற்காக, பின்னிருக்கையில் அது அழுதுகொண்டிருக்க, வீட்டுக்காரர் தொலைபேசியை எடுக்கும்வரை வெயிலில் காத்திருந்தோம். காவலரை நொந்துகொள்ள முடியாது. அவர் கையில் இருந்தது வேறொரு பட்டியல்.

அதிலிருந்து, பணம் செலுத்துவதற்கு முன்பே செயலியின் செய்திப் பெட்டியில் இவ்வாறு எழுதிவிடுகிறோம்: "பெரியவர் நால்வர், நான்கு வயதுச் சிறுவன் ஒருவன், பத்து மாதக் குழந்தை ஒன்று, வண்டி இரண்டு. கட்டட விதிப்படி இதற்கு அனுமதி உண்டா? குழந்தையின் பெயரும் வாயிற்பட்டியலில் சேருமா?" வாட்ஸ்அப்பில் விரைவாகப் பேசிக்கொள்ளலாம் என்று சில வீட்டுக்காரர்கள் அன்போடு அழைப்பார்கள், அந்த அன்பை ஏற்றுக்கொண்டாலும், ஒப்புதலை மட்டும் செயலிக்குள்ளேயே எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது, ஏனெனில் பிற்பாடு தகராறு எழுந்தால் உதவி மையத்தார் முதலில் பார்ப்பது அந்த உரையாடலைத்தான். பதிவு செய்த பிறகு ஆள் கூடினால், பதிவை மாற்றும் கோரிக்கையை அனுப்ப வேண்டும். வீட்டுக்காரர் ஏற்றால்தான் புதிய எண்ணிக்கையும் புதிய விலையும் செல்லும்.

எண்ணிக்கை வரம்பைப் பேராசை என்று சொல்பவர்கள் எங்கள் குடும்பத்திலும் உண்டு. எனக்கு அது முழுவதும் சரியாகப் படவில்லை. 150 லிட்டர் கீசர் உள்ள வீட்டில், புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலுக்குப் புறப்படுவதற்கு முன் எட்டுப் பேர் அடுத்தடுத்துத் தலைக்குக் குளித்தால், கடைசி இருவருக்குப் பச்சைத் தண்ணீர்தான்.

அதைவிடச் சிக்கலானது பகல் விருந்தாளிகள் விவகாரம். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து சித்தப்பா குடும்பம் பிரியாணிப் பாத்திரத்தோடு வந்து இறங்கும். இரவு தங்கமாட்டார்கள், ஆயினும் "பதிவு செய்தவர் தவிர எவரும் வரக்கூடாது" என்று வீட்டு விதிகளில் எழுதியிருந்தால் அவர்களும் வரம்பு மீறியவர்களே. உறவினர் ஊரில் வீடு எடுக்கும் நம்மவர்கள் அறைகளின் படங்களைப் பார்ப்பதற்கு முன் அந்த வரியைத் தேடிப் படிப்பது நல்லது. பகலில் ஆறு பேர் வரலாமா என்று கேட்டால், பல வீட்டுக்காரர்கள் நேரம் குறித்து ஒப்புக்கொள்கிறார்கள்.

"சிறு குழந்தைகளுக்கு ஏற்றதல்ல" என்ற குறிப்பை எடுத்த எடுப்பில் வெறுப்பாகக் கொள்ள வேண்டியதில்லை. காரணம் என்ன என்று கேட்பேன். மாடிப்படி, கைப்பிடியில்லாத திண்ணை, வேலியில்லாத நீச்சல்குளம் என்று பதில் வந்தால், அந்த வீட்டுக்காரர் நேர்மையானவர் என்று எண்ணி வேறு வீட்டைப் பார்ப்பேன். தென்னாப்பிரிக்கக் கட்டட விதிகளின்படி நீச்சல்குளத்தைச் சுற்றிய வேலி குறைந்தது 1.2 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள பந்து நுழையும் அளவுக்கு அதில் இடைவெளி இருக்கக் கூடாது. விளம்பரப் படங்களில் குளம் நீலமாக மின்னும், வேலி மட்டும் படத்துக்கு வெளியே நின்றுவிடும். ஆகவே வாயிற்கதவு உட்படக் குளத்தின் நான்கு பக்கமும் தெரியும்படி படம் அனுப்பச் சொல்லிக் கேட்கிறேன். கடல் பார்த்த பால்கனி என்றால் கம்பிகளின் இடைவெளியும் தெரிய வேண்டும். கேட்டதும் அனுப்புகிறவர்களும் உண்டு, அத்துடன் மௌனமாகிவிடுகிறவர்களும் உண்டு.

தொட்டில் பற்றி ஒரு சொல். வசதிப் பட்டியலில் அது இருந்தாலும், ஒரே கேம்ப் காட்டை (மடக்கி எடுத்துச் செல்லும் தொட்டில்) இரண்டு மூன்று வீடுகளுக்கு மாற்றி மாற்றிக் கொடுப்பவர்கள் உண்டு என்பதால், நம் தேதிகளுக்கு அதை ஒதுக்கிவைத்தாயிற்றா என்று தனியாகக் கேட்க வேண்டும். மெத்தை விரிப்பை நாங்களே கொண்டு செல்கிறோம்.